கேரவன் வந்த வழி

அத்தியாயம் 9

கல்யாணமான நாளிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல நகராத கிளெம், ஈஸ்டர் சமயத்தில் ஒரு பழைய கேரவனைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார் அல்லவா? திராட்சைத் தோட்டத்தை மகள் பெட்ராவின் பொறுப்பில் விட்டுவிட்டு, "நானும் உங்கம்மாவும் மலைப்பக்கம் போறோம்" என்று அறிவித்தார் அல்லவா? மனைவி ரோஸ்லின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். இப்போது ஆகஸ்ட் வந்துவிட்டது. கொடிகளைக் கிளை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்துவிட்டது. பயணம் அடுத்த மாதக் கடைசியில். ரோஸ்லின் நம்பத் தொடங்கிவிட்டாள்.

நம்பத் தொடங்கினால் அவள் பாதியில் நிற்கிற ஆள் இல்லை. போனில் வழி சொல்லும் பெண்குரலை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. சனிக்கிழமை காலை சமையலறை மேஜையில் பெரிய காகித மேப்பை விரித்து, ஒரு மூலையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி, மறு மூலையில் ஸ்ட்ரூசல் கேக் தட்டு என்று பாரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அறுபத்து நான்கு வயதுவரை பனியை டிவியில் மட்டுமே பார்த்தவள். ஹோதம் மலையில் செப்டம்பர் கடைசியிலும் பனி கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை.

"ஆத்தை ஒட்டியே மில்டூரா. அங்க ஒரு ராத்திரி. அப்புறம் எசூக்கா. அங்கேர்ந்து கிங் வேலி, பிரைட், ஹோதம் மலை. மலையிலேர்ந்து இறங்கினா கடல். சரியா?"

"கிங் வேலில ரெண்டு ராத்திரி போடு," என்றார் கிளெம், கேக்கில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அங்க என்ன ரெண்டு ராத்திரி? திராட்சை பார்க்கணும்னா ஜன்னலைத் திறந்தாப் போதுமே."

"அந்த ஊர் ஒயினைக் குடிக்க வேணாமா?"

"குடிச்சுட்டு நம்மதுதான் ஒசத்தின்னு சொல்லணும். அதை இங்கேர்ந்தே சொல்லலாம், பெட்ரோலாவது மிச்சம்."

பெட்ரா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிய நாள் முதல் அவருக்கே உத்தரவு போடுகிறாள். கிளெம் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு வெளியே முறைப்பார்.

"கிங் வேலி போறீங்களா? சரி, கேட்டுக்கங்க. அங்க வேர்ப்பேன் இருக்கு. ஒயினைக் குடிங்க, பெட்டி பெட்டியா வாங்கிட்டு வாங்க. ஆனா கொடி வரிசைக்குள்ள ஒரு கால் வெக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான்."

"எனக்கே பாடமா?" என்றார் கிளெம். "பேங்க் மேனேஜரை கேட்டுலயே நிறுத்தி, டயரைக் கழுவிட்டு வாய்யான்னவன்டி நான்."

அது உண்மைதான். பாவம் அந்த மேனேஜர், கோட்டு சூட்டோடு வாளியும் கையுமாக நின்ற கோலத்தை ரோஸ்லின் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் காரணம் சிரிக்கிற காரணம் இல்லை. வேர்ப்பேன் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற அளவில் ஒரு பூச்சி. மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும், வேரைத் தின்னும், மருந்தே கிடையாது. கொடியைப் பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். கிங் வேலி இருக்கிற பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் அது புகுந்து எத்தனையோ தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பரோசாவுக்குள் இதுவரை வரவில்லை. கிளெமின் பாட்டனாருடைய அப்பா நட்ட கொடிகள், ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே, வீட்டுக்குப் பின்னால் இன்னும் காய்த்துக்கொண்டிருந்தன. பழைய தோட்டம் என்று அதற்குப் பெயர். இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பேய் பூதம் சொல்லி யாரும் பயமுறுத்தியதில்லை. வேர்ப்பேன் போதுமானதாக இருந்தது.

ரோஸ்லின் மேப்பில் விரலை ஓட்டினாள்.

"இதோ, கிங் வேலில ஆத்தங்கரையிலேயே ஒரு இடம் இருக்கு. பாலம் தாண்டினதும் இடது பக்கம். கேரவனை நிறுத்தித் தூங்கலாம், காலையில வாத்தைப் பார்த்துக்கிட்டே டீ குடிக்கலாம்."

"அங்க வேணாம். பாலம் தாண்டினதும் திடீர்னு ஒரு பள்ளம். கேரவனோட பின்பக்கம் தரையில போய் இடிக்கும். வரும்போதே..."

கிளெம் நிறுத்திக்கொண்டார். கத்தியும் வெண்ணெயும் அப்படியே நின்றன.

ரோஸ்லின் தலை நிமிர்ந்தாள். கிழக்கே அவர் போனது பெண்டிகோ வரைதான். அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய், சாப்பாடு சரியில்லை என்று மறுநாளே திரும்பி வந்தவர்.

"வரும்போதேன்னா? எப்ப வரும்போது?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"யாரோ. பப்ல ஒருத்தன்."

பெட்ரா துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "அப்பா, உங்களுக்கு அந்தப் பக்கம் ரகசியமா ஒரு குடும்பம் இருக்கா என்ன?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். கிளெம் சிரிக்கவில்லை. 

"குடும்பம்தான்," என்றார் அவர். "மெர்வ்."

அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் கேட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெர்வ், கிளெமின் தம்பி. தன் பங்கு நிலத்தை வெளியாளுக்கு விற்றுவிட்டு கிங் வேலியில் போய்த் தோட்டம் போட்டவன். அதற்கப்புறம் மாமனார் படுத்த படுக்கையானார். குளிப்பாட்டியது, ஊட்டியது, துடைத்தது எல்லாம் ரோஸ்லின். கிழவர் கடைசிவரை மெர்வ் வந்துட்டானா, மெர்வ் வந்துட்டானா என்று அவளைத்தான் கேட்டார். அவன் சவ அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அன்று சாயங்காலம், கறுப்பு உடுப்பைக்கூட மாற்றாமல், இதே மேஜையைத் தட்டி ரோஸ்லின் சொன்னாள்: அந்தப் பேரை இந்த வீட்டுல இனி யாரும் சொல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை.

"ஈஸ்டருக்கு மீன் பிடிக்கப் போறேன்னு போனியே," என்றாள் மெதுவாக.

"மீன் பிடிக்கப் போகலை."

மீன் கிடைக்கலை, கேரவன்தான் கிடைச்சுது, முர்ரே பிரிட்ஜ்ல ஒருத்தர் வித்தார் என்று அப்போது சொல்லிக்கொண்டு வந்தார் கிளெம். அந்தக் கதையை ரோஸ்லின் சர்ச்சில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் திரும்பி வந்து அவள் முகத்தில் அறைந்தது.

"நாப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்துட்டு என்கிட்ட பொய் சொல்லியிருக்கே கிளெம்!"

"உண்மையைச் சொல்ல நீ எங்க விட்ட?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது. "அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, ரோஸ். வாயும் சரியா வரலை. அவன் பொண்டாட்டி போன் பண்ணா. நான் போகாம இருக்க முடியுமா? உன்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னுதான் இந்தப் பயணமே. மலை ஏறினதும் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்."

"மலை மேல எதுக்கு? நான் கோவத்துல உன்னைத் தள்ளிவிட வசதியாவா?"

வாய் அது பாட்டுக்குப் பேசியது. மனசோ வேறெங்கோ இருந்தது. அவளுடைய பனி, அவளுடைய மலை, அவளுக்காக இந்த மனிதருக்கு இத்தனை வயதில் வந்த ஆசை என்று அவள் நினைத்து நினைத்துப் பூரித்ததெல்லாம் அவளுக்காக இல்லை. அந்த எண்ணம் கோபத்தைவிட அதிகமாக வலித்தது. எழுந்து போய்விடலாமா என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

 பெட்ராவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"அப்பா, கேரவன் யாரோடது?"

கிளெம் மேப்பைப் பார்த்தார்.

"மெர்வோடதுதான். சும்மாதான் கொடுத்தான். இனிமே எனக்கெதுக்குன்னான்."

"அங்க எங்க நின்னுட்டிருந்துது?"

"தோட்டத்துல."

"தோட்டத்துலன்னா? ஷெட்டுலயா?"

"பழம் பறிக்க வரவங்க தங்கறதுக்கு... கொடிங்களுக்கு நடுவுல."

பெட்ரா தோளில் கிடந்த துணியை எடுத்து மேஜையில் போட்டாள்.

"நான் கழுவினேன் பெட்ரா," என்றார் கிளெம், கேட்பதற்கு முன்பே. "பைத்தியக்காரனா நான்? மாநில எல்லைக்கு முன்னாடியே நிறுத்தி, சக்கரம், அடிப்பக்கம், மூலை முடுக்கு எல்லாம் பீச்சி அடிச்சுக் கழுவினேன். ரெண்டு தடவை. ஒரு பொட்டு மண் இல்லை."

"வெளியே கழுவினீங்க. உள்ள?"

"உள்ள என்ன இருக்கு? கட்டில், அடுப்பு, பாத்திரம்."

ரோஸ்லின் பாதி எழுந்த நிலையில் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"முளைங்க," என்றாள். "கூடாரத்து முளைங்க."

கேரவன் வாங்கியவர்கள் நெடுந்தூரம் கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு நாள் எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பது வழக்கம். நடுக்காட்டில் போய் இது எங்கே, அது எங்கே என்று சண்டை போடாமல் இருக்க. கிளெமும் ரோஸ்லினும் மே மாதம் அதைச் செய்தார்கள். தரை சமமாக இருக்கிறது என்று பழைய தோட்டத்தின் ஓரத்தில், முதல் வரிசைக்குப் பக்கத்திலேயே கேரவனை நிறுத்தி, முளை அடித்து முன்பக்கக் கூடாரத்தை விரித்தார்கள். கயிறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூடாரம் இரண்டு தரம் கிளெமின் தலையில் விழுந்தது. ரோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் அதிகம் சிரித்த நாள் அதுவாகத்தான் இருக்கும்.

முளைகளில் மண் அப்பியிருந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றோடொன்று தட்டி உதிர்த்தாள். முர்ரே பிரிட்ஜ் ஆற்று மண் என்று நினைத்து, அலட்சியமாக, பழைய தோட்டத்தின் முதல் கொடிக்குக் கீழே நின்று உதிர்த்தாள். கிங் வேலி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அந்தக் கேரவனை அவள் ரோட்டிலேயே மறித்திருப்பாள். அந்த வார்த்தை காதில் விழாமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். பெட்ரா அவர்களைத் தள்ளியே நிற்கச் சொன்னாள். கேரவனின் பின்பெட்டியைத் திறந்து, கையுறை போட்டு, முளைப் பையைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்தாள். பெரும்பாலான முளைகள் சுத்தமாக இருந்தன. சுத்தம் செய்தவள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் அடியிலிருந்து மட்டும் மண்கட்டிகள் இரண்டு மூன்று விழுந்தன. வெளுத்த மஞ்சள் நிறம். இவர்கள் மண் செக்கச் செவேல் என்றிருக்கும்.

பெட்ரா ஒரு கட்டியைப் பிட்டாள். உள்ளே நூல் மாதிரி வேர்கள். வேரில் அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள்.

"அதுதானா?" என்றாள் ரோஸ்லின்.

"தெரியலைம்மா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். லேப்ல பார்த்துத்தான் சொல்லணும்." பெட்ரா கட்டியைச் செய்தித்தாளில் வைத்துச் சுருட்டினாள். "கேட்டுல போர்டு மாட்டி வெச்சிருக்கோம். உள்ள வர ஒவ்வொருத்தனையும் நிறுத்திக் கேள்வி கேக்கறோம். கேட்டுக்கு உள்ள நாமே கொண்டாந்து நட்டு வெச்சிருக்கோம்!"

கிளெம் கேரவன் படியில் உட்கார்ந்துவிட்டார். 

"அரசாங்கத்துக்குப் போன் பண்ண வேணாம்," என்றார். "கொஞ்சம் பொறுங்க. நானே அந்த வரிசையைப் பிடுங்கிடறேன். வேலி போட்டுடலாம். ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாம கண்ல எண்ணெய் விட்டுப் பார்த்துக்கலாம். ஒண்ணும் இல்லைன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

"இருந்தா?"

"பெட்ரா, சொன்னா கேட்டைச் சாத்திடுவாங்கடி. பழம் வெளியே போகாது. பாட்டன் கொடி. நான் உயிரோட இருக்கும்போதே என் கண்ணு முன்னாலயே கொளுத்துவாங்க."

அழுகிற மனிதர் இல்லை கிளெம். இப்போது அழுதார். பெட்ரா போனைக் கையில் எடுத்தாள், அப்பாவைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள். அத்தனை உத்தரவு போடுகிறவளுக்கு இந்த ஒரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை.

"என்னால முடியலைம்மா."

ரோஸ்லின் மகளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ரோஸ், வேணாம்," என்றார் கிளெம்.

"என்கிட்ட மறைச்சதாலதான் இங்க வந்து நிக்கறோம் கிளெம். நான் உன்னை மறைக்க வெச்சதால. போதும்."

வீட்டுக்குள் வந்து, அடுப்புக்கு மேலே பல வருஷமாக ஒட்டியிருக்கும் அரசாங்கத்துத் தாவர நோய் எண்ணை அழுத்தினாள். சனிக்கிழமை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பெண்ணுக்கு நிதானமான குரல். பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள். கேரவன் எப்போது வந்தது, எங்கே நின்றது, முளையை எங்கே அடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரோஸ்லின் எதையும் மறைக்கவில்லை. மைத்துனர் பெயரைக்கூடச் சொன்னாள். மெர்வ் என்று சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்கியது, அவ்வளவுதான்.

"பதறாதீங்க ரோஸ்லின். கூப்பிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். திங்கட்கிழமை ஆள் வருவாங்க. அதுவரைக்கும் அந்த இடத்துக்கு யாரும் போக வேணாம், யாரையும் உள்ள விட வேணாம். இன்னும் ஒண்ணே ஒண்ணு. மே மாசத்துக்கு அப்புறம் அந்த இடத்துக்கு வேற யாராவது வந்தாங்களா? வண்டி, டிராக்டர், வேலையாளுங்க, யாராவது? அங்கேர்ந்து நேரா இன்னொரு தோட்டத்துக்குப் போற மாதிரி?"

"இல்லைங்க, நாங்க யாரையும் உள்ளேயே..."

ரோஸ்லின் நிறுத்தினாள்.

பக்கத்துத் தோட்டத்து லெஸ்டருக்கு ஜூன் மாதம் இடுப்பெலும்பு ஆபரேஷன். கவாத்து நேரத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அந்த ரோட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவன் தோட்டத்தை ஒரே நாளில் முடித்துக் கொடுப்பார்கள். கூலி கிடையாது, சூப்பும் ரொட்டியும்தான். அன்று நல்ல மழை பெய்திருந்தது. லெஸ்டர் வீட்டுப் பாதை சேறாகிக் கிடந்தது. வண்டிகளை இங்கே நிறுத்துங்கள், வேலி வழியாக நடந்து போய்விடலாம் என்று சொல்லி, பழைய தோட்டத்தின் ஓரத்துச் சமதரையைத்தான் கிளெமும் ரோஸ்லினும் காட்டினார்கள். அத்தனை வண்டியும் அங்கே வரிசையாக நின்றன. அத்தனை பேரும் அந்த ஈர மண்ணை மிதித்துக்கொண்டு லெஸ்டரின் கொடிகளுக்குள் போனார்கள். சாயங்காலம் அதே மண்ணோடு வண்டி ஏறி அவரவர் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். கூடாரம் போட்டிருந்த அதே இடத்தில் மேஜை போட்டு ரோஸ்லின் எல்லோருக்கும் சூப் ஊற்றினாள்.

ஒருவரையொருவர் நம்புகிறவர்கள். உள்ளூர்க்காரனுக்கு எதற்கு வாளியும் தண்ணீரும் என்று யாரும் யாரையும் டயர் கழுவச் சொல்லவில்லை.

"ரோஸ்லின்? லைன்ல இருக்கீங்களா?"

"வந்தாங்க," என்றாள். 

"யாரு? எத்தனை பேரு?"

"எங்க ரோட்டுல இருக்கற எல்லாரும். நான்தான் வீடு வீடா போன் பண்ணிக் கூப்பிட்டேன்."

 "ஒவ்வொரு பேராச் சொல்லுங்க," என்றது அந்த நிதானமான குரல்.

ரோஸ்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். லெஸ்டர் ஊன்றுகோலோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். கவாத்து முடித்துக் கொடுத்ததற்கு நன்றியாக ஏதோ கட்டி எடுத்து வந்திருக்கிறார் போல. ஜன்னலில் அவளைப் பார்த்ததும் பொட்டலத்தை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். பெட்ரா, "உள்ள வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினாள்.

லெஸ்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ்லின் அவருடைய பெயரை முதலில் சொன்னாள்.